வால்வு இருக்குதுங்க

பாலுசாமியின் நெஞ்சில் ஒரு கோளாறும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தை மாதத்திலிருந்து ஆனி மாதம் வரைக்கும், வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் போடாதவர்களுமாக எத்தனையோ பேர் அவர் நெஞ்சைப் பற்றியேதான் கவலைப்பட்டார்கள். கெட்டுப்போய்க்கொண்டிருந்தது கண். அதிலும் அவருக்கு மிச்சம் இருந்தது ஒரு கண்தான்.

கணபதியில் எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது வாசல் அவர்களுடையது, நான்காவது எங்களுடையது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அதனால் நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி சுவர் வழியாகக் கேட்டது. எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டவேண்டிய தேவையும் இல்லை, நடந்ததே போதுமான அளவுக்கு அநியாயமாக இருந்தது.

பாலுசாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. அழகிரிசாமியின் பட்டறையில் இருபத்தாறு வருடமாக வேலை. அங்கே ஃபுட் வால்வு செய்கிறார்கள். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிநுனியில் மாட்டுவது அது. தண்ணீரை மேலே போக விடும், திரும்பி இறங்க விடாது. வார்ப்பு, கடைசல், கோர்ப்பு எல்லாம் முடிந்து ஒவ்வொரு வால்வும் கடைசியாக இவர் மேஜைக்கு வரும். இரும்புப் பிடியில் அதை இறுக்கி, கைப்பம்பால் தண்ணீரை உள்ளே அழுத்தி, பிரஷர் மீட்டரின் முள் இறங்குகிறதா என்று இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இவர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஐந்து விரலாலும் வால்வைச் சுற்றித் தடவி வருவார். 'வேர்க்குதுங்க' என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வால்வைப் பிரித்துப் போட்டுவிட வேண்டியதுதான், முதலாளி வந்து சொன்னாலும் பெட்டியில் ஏறாது.

வேலையில் இத்தனை கறாரான மனிதர், வெளியே வந்துவிட்டால் ஒருத்தரிடமும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவர். நாய் குரைத்தால்கூட 'சரிங்க' என்று சொல்லி ஒதுங்கிப் போவார் என்பார் அவர் மனைவி நாச்சியம்மாள். அந்தம்மாள் வீட்டிலிருந்தே மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் சுற்றுகிறவர். கை கம்பி சுற்றிக்கொண்டிருக்கும், வாய் ஊர் நியாயம் பேசிக்கொண்டிருக்கும். இரண்டும் அறுந்து நான் பார்த்ததில்லை.

வலது கண் போனதே பாலுசாமிக்குத் தெரியாது. எட்டு வருடத்துக்கு முன்னால் பட்டறையில் இடது கண்ணில் இரும்புத்தூள் விழுந்து, அதைக் கசக்கிக்கொண்டு நின்றபோதுதான் எதிரே சுத்தமாக இருட்டு என்று தெரிந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை. ஈரோட்டில் ஒரு வயதான கண் டாக்டரிடம் போனார்கள். கண்ணுக்குள்ளே பிரஷர் ஏறி நரம்பு செத்துப்போயிற்று, போனதைக் கொண்டுவர முடியாது, இருக்கிற கண்ணிலும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றார் அவர். மூன்று வருடம் சொட்டு மருந்து. அதற்கும் அடங்காமல் போகவே, இடது கண்ணில் மேல் இமைக்கு உள்ளே ஒரு சின்ன வால்வும் மயிர் போலக் குழாயும் வைத்தார். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேற வழியில்லாமல்தான் பிரஷர் ஏறுகிறது, இந்தக் குழாய் அதை வெளியே எடுத்துவிடும், பிரஷர் குறைந்தால் வால்வு தானாக மூடிக்கொள்ளும் என்று படம் போட்டுக் காட்டினார்.

பாலுசாமிக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கண் போன துக்கமே பாதி மறந்துபோயிற்று. பட்டறைக்குத் திரும்பி ஒவ்வொரு மெஷினாகப் போய், "நம்ம வால்வேதானுங்க, என்ன, இது நெம்பச் சின்னது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறு சொல் அவருக்குத் தேவைப்படவில்லை. பிரஷர், வால்வு: டாக்டர் சொன்னதும் அதுதான், அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்ததும் அதுதான்.

அந்த டாக்டர் இரண்டு வருடத்தில் காலமானார். ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். ஆபரேஷன் காகிதங்கள் பரணில் மஞ்சப்பையோடு கரையானுக்குப் போயின. அதன் பிறகு எந்த டாக்டரிடமும் இவர்கள் போகவில்லை. மருந்துக்கடையில் காலிக் குப்பியைக் காட்டி அடுத்த குப்பி வாங்குவார்கள். வால்வு வைத்த பிறகும் போட வேண்டும் என்று ஈரோட்டு டாக்டர் சொல்லியிருந்த இரண்டு வகைச் சொட்டு மருந்தும் காலையும் பொழுதோடும், நாச்சியம்மாள் கையால். ஒருநாள் தவறியதில்லை. போகாதது தப்புதான். அதை நாச்சியம்மாளே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

போன வருட ஐப்பசியில் அந்த ஒற்றைக் கண்ணிலும் புரை விழ ஆரம்பித்தது. முதலில் முள் இரண்டாகத் தெரிந்தது. பிறகு முள்ளும் எண்களும் சேர்ந்து ஒரே பாலாகிவிட்டன. அவர் சொல்லாமல் விரலை மட்டும் நம்பி வேலையை ஓட்டினார். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாழைத்தோட்டத்திலிருந்து வால்வு ஒன்று திரும்பி வந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் கையால் போய்த் திரும்பி வந்த முதல் வால்வு. அழகிரிசாமி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, நட்டு போல்ட்டு எண்ணுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார். பாலுசாமி அன்றைக்கு வீட்டில் சோறு உண்ணவில்லை. அரிசி மாவைப் பிழிந்து சந்தகை செய்து தேங்காய்ப் பால் ஊற்றிக் கொடுத்தும் தட்டைத் தள்ளிவிட்டார் என்று நாச்சியம்மாள் சொன்னார்.

தை மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். கண் பரிசோதனை அங்கேயே, புரை இருந்தால் ஆஸ்பத்திரிக்கே வண்டியில் கூட்டிப்போய் ஆபரேஷன். எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. சாரா என்று ஒரு கல்லூரிப் பிள்ளை சேவைக்கு வந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தது. முந்நூறு பேர் வரிசை. வெயில் வேறு.

"பிரஷர், சுகர் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றது அந்தப் பிள்ளை.

"சுகர் இல்லைங்க அம்மணி. பிரஷர் இருக்குதுங்க."

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

"மாத்திரை இல்லைங்க. வால்வு வெச்சிருக்குதுங்க."

பேனா ஒரு நொடி நின்றது. "வால்வுங்களா? எப்ப வெச்சாங்க?"

"ஆச்சுங்க, அஞ்சு வருசம். நெம்ப நல்லா வேலை செய்யுதுங்க" என்று சொல்லி, விரலால் இமையைத் தொட்டுக் காட்டினார். பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது.

படிவத்தில் என்ன ஏறியது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். ரத்தக் கொதிப்பு உண்டு, இருதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன், சாரா மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வயதில் எனக்கும் வால்வு என்றால் நெஞ்சுதான் ஞாபகம் வந்திருக்கும். அடுத்த மேஜையில் டார்ச் அடித்துப் பார்த்த ஆள், முற்றின புரை என்று ஒரு வட்டம் போட்டான். அவனும் இமையைத் தூக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கவுன்டர் அம்மாள் படிவத்தைப் பார்த்துவிட்டு, இருதய டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் தேதி என்று சொல்லிவிட்டார்.

"வால்வு கண்ணுலதானுங்க" என்றார் பாலுசாமி.

"ஆமாங்கய்யா, கண்ணுலதான் ஆபரேஷன். அதுக்குத்தான் ஹார்ட்டை முதல்ல பாக்கோணுங்கறோம்."

"சரிங்க" என்றார் இவர்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

அதே நாளில் உள்ளே இன்னொரு டாக்டர். போடுகிற மருந்தெல்லாம் காட்டுங்கள் என்றார். நாச்சியம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு குப்பியையும் மேஜை மேல் வைத்தார். டாக்டர் ஒன்றை எடுத்துப் பெயரைப் படித்தார். வால்வு வைத்த நெஞ்சுக்கு இந்தச் சொட்டு ஆகாது, துடிப்பைக் குறைத்துவிடும், உடனே நிறுத்த வேண்டும் என்று சிவப்புப் பேனாவால் எழுதினார். நாச்சியம்மாள் விடவில்லை. எட்டு வருடமாக ஊற்றுவதுங்க, நிறுத்தினால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாதுங்களா என்று கேட்டார். நின்றுபோனால் யார் பொறுப்பு என்றார் டாக்டர். கண்ணை அல்ல, நெஞ்சைச் சொன்னார்.

நான் கேட்கிறேன். அந்தச் சொட்டு கண்ணில் பிரஷரைக் குறைக்கத்தான் போடுகிறார்கள், வேறெதற்கும் இல்லை. கண் டாக்டருக்கு அது தெரியாதா? தெரியும். 'இது எதற்குப் போடுகிறீர்கள்' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மேஜையிலேயே எல்லாம் முடிந்திருக்கும். கேட்கவில்லை. அவர் படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், படிவத்தில் நெஞ்சுதான் இருந்தது. நாச்சியம்மாள் வீட்டுக்கு வந்து அந்தக் குப்பியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். தூக்கிப்போட மனசு வரவில்லை.

பிறகு நடந்தது தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. மாசியில் இருதய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பங்குனியில் தேதி, அன்றைக்கு டாக்டர் லீவு. சித்திரையில், இருதயத்தைப் படம் பிடிக்கிற எக்கோ மெஷின் ரிப்பேர். வைகாசியில் கூட்டம், டோக்கன் கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ் மாறிப் போய், ஃபேன் ஓடாத வராந்தாவில் உட்கார்ந்து, நாச்சியம்மாள் தூக்குப்போசியில் கொண்டுபோன அரிசிம்பருப்பு சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். காயில் சுற்றுகிற வேலை நின்றுபோயிற்று. நடுவில் பாலுசாமிக்கு இடது நெற்றி ஓயாமல் வலித்தது. பல்பைப் பார்த்தால் சுற்றி வானவில் தெரிகிறது என்றார். புரை முற்றினால் அப்படித்தான் இருக்கும் என்று கவுன்டரில் சொன்னார்கள். சரிங்க என்றார்.

ஆனி மாதம், சாரல் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வீச ஆரம்பித்த வாரம், ஒருவழியாக எக்கோ எடுத்தார்கள். இருதய டாக்டர் நல்ல மனிதர், வயசாளி. இரண்டு தடவை பார்த்துவிட்டு, உங்கள் நெஞ்சு இருபது வயதுப் பையன் நெஞ்சு, எல்லா வால்வும் பிறந்தபோது வந்ததே, யார் உங்களுக்கு வால்வு மாற்றியதாகச் சொன்னார்கள் என்று கேட்டார்.

அப்போதுதான் நாச்சியம்மாளுக்கு உறைத்தது. பஸ் இறங்கி வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, கேட்டீங்களா? இத்தனை நாளும் இவிய வால்வை நெஞ்சுல தேடியிருக்கறாங்க. என்ற ஊட்டுக்காரரு கண்ணுலன்னு சொன்னது ஆரு காதுலயும் உழுகவே இல்லைங்க."

மறுநாளே ஓடினார்கள். இந்தத் தடவை வால்வு கண்ணில், நெஞ்சில் இல்லை என்று நாச்சியம்மாளே கவுன்டரில் அழுத்திச் சொன்னார். கவுன்டர் அம்மாள் இருதய டாக்டரின் சீட்டை வாங்கிப் படித்தார். வால்வு இல்லை, பிரஷர் இல்லை, அதுதான் எல்லாம் கிளியர் ஆகிவிட்டதே, இனி என்ன, ஆவணி முதல் வாரம் ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார். கண்ணில் இருப்பதை ஆபரேஷன் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். ஃபைலில் பழைய வரி இரண்டையும் அடித்து, 'வால்வு: இல்லை. பிரஷர்: இல்லை' என்று எழுதியதை நான் பிற்பாடு என் கண்ணால் பார்த்தேன். தப்பைத் திருத்துகிறேன் என்று உண்மையையும் சேர்த்து அடித்துவிட்டார்கள்.

ஆவணியில் அந்த நாள் நானும் துணைக்குப் போயிருந்தேன். நாற்பது பேர், எல்லோரும் வயசாளிகள். பச்சை அங்கி, தலையில் பச்சைக் குல்லா, எந்தக் கண்ணோ அந்தப் புருவத்துக்கு மேல் ஒரு ஒட்டுத்துணி. பெஞ்சில் வரிசையாக உட்கார்த்தி, முன்னால் இருக்கிறவர் உள்ளே போகப் போக நகர்ந்து உட்காரச் சொன்னார்கள். ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். டாக்டரிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்களே, டாக்டரைப் பார்க்கிற இடம் ஆபரேஷன் மேஜைதான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பெஞ்சு நகர நகர நாச்சியம்மாள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவோரத்தில் நின்ற நர்ஸ் ஒவ்வொருத்தர் ஃபைலாக உரக்கப் படித்துச் சரிபார்த்தாள். பாலுசாமி முறை வந்தது.

"பாலுசாமி, இடது கண்ணு. சுகர் இல்லை, பிரஷர் இல்லை, வால்வு இல்லை. சரிங்களாய்யா?"

பாலுசாமி எழுந்து நின்றார். அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது வரவில்லை.

"வால்வு இருக்குதுங்க" என்றார்.

"இல்லைங்கய்யா, எக்கோவுல பாத்தாச்சு."

"நெஞ்சுல இல்லைங்க. கண்ணுல."

கண்ணில் வால்வா என்று கேட்டு நர்ஸ் சிரித்துவிட்டாள். பெஞ்சிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சிரிங்க, பரவாயில்லைங்க. ஆனா நான் உள்ள வர மாட்டனுங்க. எனக்கு இந்தக் கண்ணு ஒண்ணுதானுங்க. ஆராச்சும் இமையைத் தூக்கிப் பாத்துப்போட்டு, அப்பறம் கூப்புடுங்க."

சொல்லிவிட்டு, வழியை மறித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். குரல் உயரவில்லை. வார்டு பாய் வந்து கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். நாச்சியம்மாள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார், செருப்போடு. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். வம்சி என்று பெயர், ஆந்திரப் பக்கத்துப் பையன், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். முகமூடியை இறக்கி விட்டுக்கொண்டு என்ன என்று கேட்டார். நர்ஸ் சொன்னதும் முகம் சுளித்தார். ஆனாலும் குனிந்தார். கீழே பாருங்கள் என்று சொல்லி, பெருவிரலால் இடது மேல் இமையைத் தூக்கி, சின்ன லைட்டை அடித்தார்.

அப்படியே குனிந்தபடி ஒரு நிமிடம் இருந்தார். பிறகு, கண் பிரஷர் பார்க்கிற கருவியைக் கொண்டுவரச் சொன்னார். முப்பத்தெட்டு. இருக்கக்கூடியதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார் டாக்டர்.

நாச்சியம்மாள் அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அதற்கு மேல் நிற்கவில்லை.

"ஆருங்க சொல்லலை? முகாமுல சொன்னாரு. கவுன்டருல சொன்னாரு. நான் சொன்னேன். செவப்புப் பேனா டாக்டரு சொட்டை நிறுத்தச் சொன்னப்ப, கண்ணுக்கு ஆகாதுங்களான்னு கேட்டேன். நெஞ்சைப் பாத்தீங்க, ரத்தத்தைப் பாத்தீங்க, ஒண்ணுக்கைப் பாத்தீங்க. வெளியே கண்ணாசுபத்திரின்னு போர்டு வெச்சிருக்கறீங்க. கண்ணை ஒருத்தரும் பாக்கலைங்களே. மனுசன் வாயால சொன்னா உங்களுக்குப் பத்தாது, காயிதம் சொல்லோணும். நீங்க இப்பப் பாத்தீங்களே, எத்தனை நேரமாச்சுங்க? அத்தனை நேரம்கூட ஏழு மாசத்துல ஆருக்கும் கெடைக்கலைங்களா?"

டாக்டர் ஃபைலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். சிவப்புப் பேனா எழுத்து வந்த இடத்தில் நின்றுவிட்டார். பிறகு பாலுசாமிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். குழாய் வைத்த கண்ணில் புரை எடுக்கலாம், ஆனால் குழாயைத் தொடாமல், அது அடைபடாமல் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் பிரஷர் ஏறுகிறதா, ஒரேயடியாக இறங்கிவிடுகிறதா என்று மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். அதற்குப் பழகின டாக்டர் இங்கே இல்லை. "தெரியாம கைவெச்சிருப்பேன், சார். உள்ளே போன பிறகுதான் பார்த்திருப்பேன்" என்றார். நிறுத்திய சொட்டை அங்கேயே தன் கையால் போட்டுவிட்டார். வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். நான் அவரை மன்னித்துவிட்டேன். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்கவே இல்லை, ஆகவே அந்தப் பேச்சு எழவில்லை.

கீழே வந்தால் மேனேஜர் ஒரு தாளோடு காத்திருந்தார். ஒரு ஃபார்மாலிட்டிதானுங்க, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க என்றார். நாச்சியம்மாள் வாங்கிப் படித்தார், மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார், நடையைக் கட்டினார். வழியெல்லாம் பாலுசாமி அது என்ன தாள் என்று கேட்டார். கண்ணு தெரிஞ்சதும் நீங்களே படிச்சுக்குங்க என்பதற்கு மேல் அந்தம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

மேனேஜர் அடுத்த மூன்று வாரமும் போன் பண்ணிக்கொண்டிருந்தார். பாலுசாமி இளகிப்போனார். எதுக்கு வம்பு, போட்டுவிடலாம், முகாமுக்கு வந்த அந்தப் பிள்ளைக்கு ஏதாவது கெட்ட பேர் வரும் என்று சுவருக்கு அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் இவர்கள் பிடித்தார்கள்.

புரட்டாசியில் டாக்டர் அபிலாஷ் ஆபரேஷன் செய்தார். கண் பிரஷர் நோய்க்கென்றே இருக்கிற டாக்டர். முதல் நாள் பேனாவை எடுக்கவில்லை, விளக்கைத்தான் எடுத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. புரை வந்துவிட்டது, குழாய் இருந்த இடத்தில் இருக்கிறது, வால்வு வேலை செய்கிறது. கட்டுப் பிரித்த அன்று பாலுசாமி சுவர் அட்டையில் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் தட்டாமல் படித்தார். நாச்சியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

பிறகு இன்னொரு சோதனை. ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, எங்கே பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் பட்டனை அமுக்க வேண்டும். நெடுநேரம் அமுக்கினார். அச்சடித்து வந்த தாளில் கீழ்ப் பாதி, இடது பக்கமாக, தார் ஊற்றினதுபோல் கறுப்பு.

"போனது திரும்பாதுங்களா?" என்று நாச்சியம்மாள் கேட்டார்.

"திரும்பாதுங்கம்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்."

எப்போது போயிற்று என்று கேட்டார். நாளை நேரத்தைச் சொல்ல முடியாது, அந்தச் சொட்டை நிறுத்தியிருந்த மாதங்களில் நிறையப் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர் அபிலாஷ். புரையால் மறைந்தது திரும்ப வரும், நரம்பு போனால் வராது என்றார். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பாலுசாமி வீட்டுக்கு வரும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தார். பஸ்ஸில் கடை போர்டுகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்தார். கறுப்பு எங்கே இருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, எல்லாம் பளிச்சென்று இருக்கிறதே என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சுடுசோறு, கொள்ளுப் பருப்பு, நெய், கத்திரிக்காய் பொரியல். பாலுசாமி தரையில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தார். இரண்டு வாய் தின்றார்.

"தொட்டுக்க ஒண்ணும் செய்யலியா புள்ளை?"

பொரியல் தட்டில்தான் இருந்தது. அவர் மடிப்பக்கமாக, இடது ஓரத்தில், ஒரு கைப்பிடி. நாச்சியம்மாள் என்னைப் பார்த்தார். கையை நீட்டித் தட்டை அரை வட்டம் திருப்பினார். பொரியல் வலப்பக்கம் மேலே வந்தது.

பாலுசாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே தட்டைப் பழையபடி திருப்பினார். பார்த்தார். மறுபடி திருப்பினார். கறுப்பு எங்கே இருக்கிறது என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கை கழுவிவிட்டு வந்து, அந்தத் தாளைக் கொடு என்றார். நாச்சியம்மாள் எடுத்துக் கொடுத்தார். ஜன்னலோரம் போய் நின்று அவரே படித்தார், வரி வரியாக, விரல் வைத்துக்கொண்டு. 'கண்ணில் முன்பு செய்துகொண்ட அறுவை சிகிச்சை குறித்த தகவலை நோயாளி தெரிவிக்காமல் மறைத்துவிட்டார். இதனால் ஏற்பட்ட தாமதத்துக்கு மருத்துவமனை பொறுப்பல்ல.' இரண்டாம் தடவையும் படித்தார்.

"நான் மறைச்சுப்போட்டேன்னு எழுதியிருக்குதுங்க" என்று என்னிடம் சொன்னார். கோபம்கூட இல்லை, திகைப்புதான் இருந்தது.

பேனா கேட்டார். கையெழுத்துப் போடுகிற இடத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருந்த வெற்று இடத்தில், பட்டறை சீட்டில் எழுதுகிற அதே கட்டை எழுத்தில் எழுதினார். 'நான் சொன்னேன். முகாமில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்னேன். விரலால் தொட்டுக் காட்டினேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கண்ணில் பாதியை எடுத்துக்கொண்டீர்கள்.' கீழே பெயரும் தேதியும் போட்டார். நாச்சியம்மாள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு இரண்டு நகல் எடுக்க வேண்டும் என்றார் பாலுசாமி. ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று வீட்டுக்கு. அசல் கலெக்டருக்கு. நாளைக்குத் திங்கட்கிழமை, மனு வாங்குகிற நாள், நீங்களும் கூட வரவேண்டும் என்றார். கட்டாயம் வருகிறேன் என்றேன்.

தாளை மடித்து மேல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசலுக்குப் போய்க் காலால் படியைத் துழாவினார்.

"ஏனுங்க," என்றார், "கலெக்டர் ஆபீசுல படி எத்தனை இருக்குமுங்க?"